படித்துறைக்கு வாடகை இல்லை

திருநெல்வேலியில் சாயங்காலம் வீட்டைவிட்டுக் கிளம்பும் ஆண்பிள்ளை எங்கே போகிறான் என்று விளக்க வேண்டியதில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே “ஆத்துப் பக்கம் போயிட்டு வாரேன்” என்றால் போதும். குளிக்கவா, கோயிலுக்கா, யாரையாவது பார்க்கவா என்று ஒருத்தரும் கேட்பதில்லை. கேட்டாலும் அவனிடம் பதில் இருக்காது. போனால் யாராவது இருப்பார்கள், அவ்வளவுதான். சென்னைக்குக் குடிபோய்விட்ட எங்கள் கூட்டாளி ஒருவர் சொல்வார்: அங்கே ஒரு சிநேகிதனைப் பார்க்க முதலில் நாள் குறிக்க வேண்டும், பிறகு இடம் பிடிக்க வேண்டும், அப்புறம் என்ன சாப்பிடுவது என்று முடிவுசெய்ய வேண்டும்; இத்தனை பாடுபட்டு வந்தாயிற்றே, உருப்படியாக ஏதாவது பேசியாக வேண்டுமே என்ற கவலை வந்துவிடும், அந்தக் கவலையிலேயே பேச்சு செத்துப்போகும்.

தாமிரபரணி இங்கே இரண்டு ஊர்களைப் பிரித்துக்கொண்டு போகிறது. இந்தப் பக்கம் டவுனும் ஜங்ஷனும், அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. 1843இல் சுலோசன முதலியார் பாலம் திறக்கும்வரை இரண்டுக்கும் நடுவே படகுதான். கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தாராக இருந்த மனிதர் தன் சொந்தச் சொத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. பக்கத்தில் புதுப்பாலம் வந்தபிறகும் பழைய பாலத்தின் கல் வளைவுகள் நிற்கின்றன. எங்கள் குழுவில் பாதிப் பேர் பாளை, பாதிப் பேர் டவுன். யார் வீட்டில் கூடுவது என்ற பேச்சு எழுந்ததே இல்லை. ஆறு நடுவில் இருப்பதால் என்று சொல்லிக்கொள்வோம். நாங்கள் கூடுகிற குறுக்குத்துறை டவுனுக்குத்தான் பக்கம் என்பது பாளைக்காரர்களுக்குத் தெரியும், ஆனாலும் சண்டை போட்டதில்லை.

குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வருகிற வெள்ளத்தைக் கிழித்து இரண்டு பக்கமும் விலக்கிவிடும்படி படகின் முனைபோலக் கட்டியிருக்கிறார்கள். வெள்ளம் ஏறினால் உற்சவரை மேலக்கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருந்துகொள்வார். தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ளிப் போட்டுவிட்டு மறுபடி பூசை. கோயிலைச் சுற்றிக் கல்மண்டபங்களும் படிகளும். நாங்கள் உட்காருவது அந்தப் படிகளில் ஒன்று. பாபநாசத்தில் அணையைத் தாண்டி இறங்கி, இங்கே வருவதற்குள் 6 அணைக்கட்டுகளின் கால்வாய்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு வருகிற தண்ணீர். “எல்லாத்துக்கும் குடுத்தது போவ மிச்சம்வே, நம்மள மாதிரி” என்பார் வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர். ஓய்வுபெற்றவர்கள் எதைப் பார்த்தாலும் இப்படித்தான் பேசுவார்கள்.

ஆற்றங்கரையில் உட்காருவதன் விசேஷம் காட்சியில் இல்லை என்பது என் எண்ணம். காட்சி பத்து நிமிடத்தில் பழகிப்போகும். விசேஷம் உட்காருகிற விதத்தில் இருக்கிறது. டீக்கடை பெஞ்சில், வீட்டு முன்னறையில், ஓட்டல் மேசையில் மனிதர்கள் முகத்துக்கு முகம் பார்த்து உட்காருகிறார்கள். எதிரே ஒரு முகம் இருந்தால் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தலையாட்ட வேண்டும், சிரிக்க வேண்டும், அனுதாபப்பட வேண்டும். படித்துறையில் எல்லோருக்கும் முகம் தண்ணீர்ப் பக்கம். ஒருவர் பேசினால் ஆற்றிடம் பேசுகிறார், மற்றவர்கள் காதில் விழுகிறது. பேசாமல் இருந்தாலும் யாரும் ‘என்ன, ஒருமாதிரி இருக்கேரு’ என்று கேட்பதில்லை. எங்கள் கூட்டத்தில் கடினமான செய்திகள் எல்லாம் இந்தப் படியில்தான் சொல்லப்பட்டன. மகன் சொத்தைப் பிரிக்கச் சொன்னது, சீட்டு நடத்தி நொடித்தது. ஒருவர் தன் மனைவிக்குப் புற்றுநோய் என்று உறுதியான அன்று, ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட் பேச்சின் நடுவே, யாருடைய ஸ்கோரையோ சொல்வதுபோலச் சொன்னார். ஒருவரும் திரும்பி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்தவர் தோள் துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, எந்த ஆஸ்பத்திரி, யார் துணைக்குப் போவது, பணத்துக்கு என்ன வழி என்று பேச்சு தானாக இறங்கி வந்தது. அன்றைக்கு அவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்க மாட்டார். காபி குடித்துவிட்டுப் போயிருப்பார்.

இந்த ஊரின் மாலைகளில் வரலாற்றில் இடம்பிடித்தது ஒன்று உண்டு. ரசிகமணி டி.கே.சி. தன் வண்ணார்பேட்டை வீட்டில் கூட்டிய வட்டத்தொட்டி. நண்பர்கள் சுற்றி உட்கார, கம்பனின் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி ருசி காட்டுவார் என்று போனவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். கல்கியும் ராஜாஜியும் அவர் ரசனைக்கு ஆட்பட்டவர்கள். அவர் 1954இல் மறைந்தார். வட்டத்தொட்டி என்ற பெயர் இன்னும் நிற்கிறது. பிற்காலத்தில் சுடலைமாடன் கோயில் தெருவில் விமர்சகர் தி.க.சி.யின் வீட்டுக்கும் எழுதுகிற பிள்ளைகள் இப்படிப் போய்வந்தார்கள். இந்த மாலைகளைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அவற்றுக்கு ஒரு வீடு வேண்டியிருந்தது, வீட்டுக்காரர் ஒருவர் வேண்டியிருந்தார், உள்ளே அடுப்பில் காபி போட்டுக்கொண்டே இருந்தவர்களும் இருந்திருக்க வேண்டும். அங்கே பேச்சுக்கு ஒரு தலை உண்டு, கேட்பவர்கள் உண்டு. படித்துறையில் தலைமாட்டில் யாரும் கிடையாது. அதனால்தான் அங்கே பேசியதை எவரும் எழுதிவைக்கவில்லை. நஷ்டம் பெரிதில்லை; நாங்கள் பேசியதில் பாதி அடுத்தவன் வேலைமாற்றத்தைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு காலத்தில் ஆற்றுக்குள் உட்கார மணல் இருந்தது. மணல் இருந்தவரை ஆறு ஊரின் பொதுக்கூட்ட மைதானமும்கூட. 1908 மார்ச்சில் விபின் சந்திர பால் விடுதலையானதை ஒட்டி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தாமிரபரணிக் கரையில் பேசினார்கள். 12ஆம் தேதி கைதானார்கள், 13ஆம் தேதி ஊர் கொந்தளித்தது. எங்கள் சின்ன வயதில்கூட மணலில் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு பேசலாம். காலையில் தலையில் மணல் கொட்டும், அம்மா ஏசுவாள். அந்த மணல் லாரி லாரியாகப் போனது. கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு தானே நீதிமன்றத்தில் நின்று வாதாடியதில், 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. தடை வந்ததற்காக மணல் திரும்பிவிடவில்லை. பல இடங்களில் இப்போது பாறையும் கோரையும் அமலைச்செடியும்தான். நகரத்துச் சாக்கடை வந்து சேருகிற இடங்களைத் தெரிந்துவைத்துக்கொண்டு அதற்கு மேலே உட்கார வேண்டும். மூக்கு சொல்லிக்கொடுக்கும்.

எங்களில் ஒருவர் கொக்கிரகுளம் பக்கம் மட்டும் ஆற்றங்கரையில் உட்கார மாட்டார். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலமாகக் கலெக்டர் அலுவலகம் நோக்கி வந்த கூட்டத்தைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், அதில் குழந்தையும் உண்டு. அவருக்கு அப்போது அந்தப் பக்கத்தில் வேலை. என்ன பார்த்தார் என்று சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. வருடாவருடம் அந்த நாளில் கட்சிக்காரர்கள் வந்து ஆற்றில் பூத்தூவிவிட்டுப் போவதைச் செய்தித்தாளில் பார்க்கிறபோது அவர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். அவர்தான் ஒருநாள், குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்தபடி, கோபமே இல்லாமல் சொன்னார்: “எங்க தாத்தா இந்தப் படியில கால் வச்சிருக்க முடியாது, தெரியும்லா?” தெரியும். எந்தத் துறை யாருக்கு என்பது கல்லில் வெட்டாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்த ஊர் இது. ஆறு பொது என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு வயது ரொம்பக் குறைவு.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைப் பற்றித் தெற்கே யாரிடமும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. இங்கே கோயில் முங்கியது, ஜங்ஷன் பஸ்ஸ்டாண்டு முங்கியது, கலெக்டர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே ஆறு புகுந்தது. எங்கள் புத்தகக்கடை நண்பருக்குக் கீழ்த்தட்டு முழுக்கப் போயிற்று. அவர் அதற்கப்புறம் சில மாதங்கள் ஆற்றுப் பக்கமே வரவில்லை. கூப்பிட்டால், “அது மொகத்துல முழிக்கப் பிடிக்கலவே” என்பார், பங்காளியைப் பற்றிச் சொல்வது போலவே. சித்திரை பிறந்தபின் ஒருநாள் அவராக வந்து, எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்து, பாடநூல் விலை ஏறியதைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். சமாதானம் எப்போது ஆனதென்று தெரியாது.

இப்படி அழைத்தும் அழைக்காமலும் கூடுகிற மாலைகள் குறைந்துகொண்டே வருகின்றன. இன்றைய பிள்ளைகள் கூடுவது நான்குவழிச் சாலை ஓரத்து டீக்கடைகளிலும், பாளையில் புதிது புதிதாகத் திறக்கிற குளிர்சாதனக் காபிக் கடைகளிலும். டீக்கடையில் ஒரு டீ என்பது டீ அல்ல, உட்காருவதற்கான வாடகை. அரைமணி ஆனதும் பையன் வந்து மேசையைத் துடைப்பான். இன்னொரு டீ சொல்ல வேண்டும், இல்லையென்றால் எழுந்துகொள்ள வேண்டும். காபிக் கடையில் வாடகை ஜாஸ்தி, அதனால் துடைக்கிறவன் கொஞ்சம் தாமதமாக வருவான். பேச்சுக்கு மீட்டர் ஓடுகிற இடத்தில் யாரும் கிரிக்கெட்டின் நடுவே புற்றுநோயைச் சொல்ல மாட்டார்கள் என்று நான் பலரிடமும் வாதாடியிருக்கிறேன். இதை ஒரு கட்டுரையாகவே எழுத எண்ணியிருந்தேன். எழுதியிருந்தால் படித்துறையைப் புகழ்ந்து முடித்திருப்பேன்.

போன ஆனித் தேரோட்டத்துக்குச் சென்னைக் கூட்டாளி வந்திருந்தார். தேர் முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம். குற்றாலத்துச் சாரலின் மிச்சம் காற்றில் இருந்தது. மலைப் பக்கம் கறுத்துக் கிடந்தது. வழக்கம்போலக் கீழரத வீதியில் அவருக்கு அல்வா வாங்க ஒருவர் வரிசையில் நின்றார். வெளியூர்க்காரர்களிடம் இந்த ஊரைப் பற்றிப் பேச வேறொன்றும் இல்லாததுபோல் ஆகிவிட்டது இந்த அல்வா. நான் அதிகம் சொல்லப்போவதில்லை. இலைத்துண்டில் நூறு கிராம், கை வழுக்க வழுக்கத் தின்றுவிட்டு மேலே கொஞ்சம் மிக்சர். ஆற்றுத் தண்ணீர்தான் அதன் ருசி என்பார்கள். தண்ணீரின் இன்றைய நிலை தெரிந்தவர்கள் அதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்வது நல்லது.

அன்றைக்கு எங்களுடன் கல்லூரியில் படித்த சிநேகிதி ஒருத்தியும் வந்தாள். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள், கணவர் இல்லை, மகள் பாளையில். சென்னைக் கூட்டாளிதான் தொலைபேசியில் வற்புறுத்திக் கூப்பிட்டார். படியில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டாள். பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் தள்ளி இரண்டு பையன்கள் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்களுக்கு அவர்கள் இருப்பது அதுவரை கண்ணில் பட்டிருக்கவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு சொன்னாள், “இந்தப் படியில நான் சின்னப் பிள்ளையிலருந்து உட்கார்ந்திருக்கேன். ஆனா எல்லாம் காலையில. சாயங்காலம் இதுதான் மொதல் தடவ.”

காலை ஆறு வேறொரு ஊர். அது பெண்களுடையது. விடியுமுன்னே குடமும் துணிமூட்டையுமாக வருவார்கள், ஆண்கள் வேறு படிக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். “எங்கம்மாவும் அவ கூட்டாளிகளும் பேசாத பேச்சா?” என்றாள். “மாமியா கொடுமையிலருந்து மதினி பிரசவம் வரைக்கும் இந்தக் கல்லுல வச்சுத்தான் தொவைப்பாங்க. ஆனா கை சும்மா இருக்காது. கையில துணி இல்லாம ஒரு பொம்பள ஆத்தங்கரையில உட்கார்ந்திருந்தா ஊரு என்னன்னு கேக்கும். நீங்கள்ளாம் இத்தன வருஷமா சும்மா உட்கார்ந்திருக்கீங்க, யாராவது கேட்டாங்களா?”

யாரும் கேட்டதில்லை. அதைத்தான் நான் ஆற்றின் கொடை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் பேசுகையில் முகம் எந்தப் பக்கம் இருந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். துவைப்பவளின் முகம் கல்லைப் பார்த்திருக்கும். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல், கனமானவற்றைச் சொல்லிக்கொள்ளும் உபாயம் அவர்களுக்கும் தெரிந்திருந்தது, எங்களுக்கு முன்னாலேயே. குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வந்தது, பிறகு துணி துவைக்கும் எந்திரம் வந்தது. கைவேலை குறைந்தது நல்லதுதான், அதை இல்லையென்று யார் சொல்வார்? ஆனால் வேலையோடு சேர்ந்து ஆற்றுக்குப் போகிற சாக்கும் போயிற்று. எங்களுக்குச் சாக்கே தேவைப்பட்டதில்லை, ஆகவே எதுவும் போகவில்லை.

நான் விடவில்லை. காபிக் கடைகளைப் பற்றிய என் வாதத்தைச் சொன்னேன், மேசை துடைக்கும் பையன், மீட்டர், எல்லாம். சிரித்தாள். அவளும் அவளோடு வேலைபார்த்த மூன்று ஆசிரியைகளும் மாதத்தில் ஒருநாள் அப்படியொரு கடையில்தான் கூடுகிறார்களாம். மகள் காட்டிக்கொடுத்த இடம். “காசு குடுத்து உட்கார்ந்தா யாரும் ஏன் இங்க இருக்கன்னு கேக்க முடியாதுல்லா? பில்லு கையில இருக்கு. வெளிச்சம் இருக்கு. பாத்ரூம் இருக்கு” என்றாள். நாங்கள் எதைக் கட்டணம் என்று சலித்துக்கொண்டோமோ அதை அவள் நுழைவுச்சீட்டாகக் கையில் வைத்திருந்தாள். இலவசமாகக் கிடைத்த இடத்தில் ஐம்பது வருடமாக இல்லாத உரிமை, நூற்றைம்பது ரூபாய் காபிக்குக் கிடைத்துவிட்டது. இரண்டையும் எடைபோட்டுச் சரி எது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மேசை துடைக்கப்படுகிற இடத்தில் கனமான பேச்சு வராது என்று இப்போதும் நினைக்கிறேன். அவளிடம் அதைக் கேட்டேன். “அதெல்லாம் வரும். நாங்க துணி தொவைச்சுக்கிட்டே பேசினவங்க” என்றாள்.

இருட்டத் தொடங்கியது. எங்களுக்கு எப்போதும் பேச்சு சூடுபிடிப்பது அதற்கப்புறம்தான்; அவள் கைக்குட்டையை உதறி எழுந்துவிட்டாள். “பாத்ரூமுக்கு இங்க எங்க போவீங்க?” என்று கேட்டாள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. புத்தகக்கடைக்காரர், இங்கே ஒரு விளக்கும் கழிப்பறையும் வேண்டுமென்று மாநகராட்சிக்கு மனு எழுதலாம் என்றார். விளக்கு வந்தால் ஆற்றைப் பார்க்கிற இருட்டு போய்விடுமே என்றார் சென்னைக்காரர். கொக்கிரகுளத்துப் பக்கம் உட்காராத நண்பர், “உமக்கு என்னவே, வருஷத்துக்கு ஒருதடவ வாரீரு. விளக்கு வரட்டும்” என்றார். மனுவை யார் எழுதுவது என்பதில் பேச்சு நீண்டு, ஆசிரியையே எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டாள். கையெழுத்துப் போட அடுத்த மாதம் எல்லோரும் அந்தக் காபிக் கடைக்கு வரவேண்டும் என்பது அவள் நிபந்தனை.

அவளை ஆட்டோ ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது வங்கி நண்பர்தான் கடைசியாகக் கேட்டார்: “நூத்தம்பது ரூவான்னா, நாலு பேரு ஒத்தக் காப்பிய வச்சு எவ்ளோ நேரம்வே உட்காரலாம்?”